சந்தனம்மாளுக்கு வந்த கோடிச் சேலை

தந்தி வந்த மகிழ்ச்சி ராமலட்சுமிக்கு ஓர் இரவுதான் நிலைத்தது.

சென்னையிலிருந்து தனுஷ்கோடி அனுப்பிய தந்தி. எழும்பூரில் சின்னதாக ஓர் ஓவியக்கூடம் நடத்துகிறவர். 'கண் மூடியவர்கள்' என்று பெயர் வைத்து அவள் எடுத்திருந்த புகைப்படங்களை அடுத்த மாதம் அங்கே மாட்டப் போகிறார். அவற்றில் சந்தனம்மாள் என்ற கிராமத்துப் பெண்ணின் படம் போட்ட அழைப்பிதழ் வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது, மற்ற நெகட்டிவ்களோடு உடனே புறப்படு என்று தந்தி சொன்னது.

இன்று வியாழன். சாயங்காலம் மதுரை பஸ், அங்கிருந்து ராத்திரி ரயில் என்று அவள் மனதுக்குள் பயணம் போய்க்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டையில் அவர்களுடைய ஸ்டூடியோக் கடைக்குள் சத்தம் கேட்டபோது இருட்டறையில் இருந்தாள்.

"படத்தைப் பிடிச்ச பொம்பள எங்க?"

புதுக் குரல். அதைத் தொடர்ந்து அண்ணன் இன்பராஜின் குரல், தணிவாக.

"உக்காருங்க தம்பி. பேசுவோம். வாசல்ல நின்னு பேச வேண்டாம்."

"உக்கார வரல. எங்க ஆத்தா உசுரோட இருக்கையில அவுகளுக்குச் சாவுக் கோடி வந்திருச்சு. எங்க மாமன் மாலையும் கையுமா, பொம்பளைகளோட ஒப்பாரி வச்சுக்கிட்டு விடியக்காலம் வந்து வாசல்ல நிக்காரு. ஆத்தா சாணி கரைச்ச கையோட வெளிய வந்து, 'யாரு செத்தது?'ன்னு கேக்காக. என்ன சொல்லச் சொல்றீக?"

ராமலட்சுமி கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

சந்தனம்மாளின் மகன் முத்துராமலிங்கம். திருச்சுழிக்கு அந்தப் பக்கம், கரிசக்குளத்துக்காரன். அவன் கண்கள் சிவந்திருந்தன. கோபத்தில் சிவந்தவை அல்ல, அழுது சிவந்தவை என்று அவளுக்குப் பட்டது. உயிரோடிருக்கும் தாய்க்காக அழுத மகனை அவள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

நடந்தது இதுதான். தனுஷ்கோடி அந்தப் படத்தைப் பாராட்டி எழுதினார் என்று தெரிந்ததும், தங்கையைப் பற்றிய பெருமையில், இன்பராஜ் அதைப் பெரிதாகப் போட்டுச் சட்டமடித்துக் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். அதை மல்லாங்கிணற்றிலிருந்து பருத்தி லோடோடு வந்த ஒருவர் பார்த்துவிட்டுப் போனார். ஊரில் போய்க் காளிராஜிடம் சொன்னார். காளிராஜ், சந்தனம்மாளின் உடன்பிறந்த அண்ணன். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போர்த்துகிற புதுச் சேலையை, கோடியை, எடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டுவிட்டார்.

இந்தக் கரிசல் காட்டில் கண் மூடிய படம் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்.

வாழ்நாளில் படமே எடுத்துக்கொள்ளாத பெண்கள் இங்கே ஏராளம். இறந்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, ஆளனுப்பி ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுவார்கள். எடுத்த படத்தில் தூரிகையால் கண் திறந்து கொடுக்க வேண்டும். பொன்னுச்சாமி ஸ்டூடியோ என்றால் கண் திறப்பதற்குப் பேர் போனது. பொன்னுச்சாமி காலமான பிறகு அந்த வேலையைச் செய்துவந்தது அவர் மகள் ராமலட்சுமி.

கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள் அவள். கல்யாண வீடுகளுக்கு அவளைப் படம் எடுக்க அனுப்ப முடியாது. சாவு வீடுகளுக்கு அனுப்பலாம். அப்படித்தான் காமிரா அவள் கைக்கு வந்தது.

எத்தனையோ பேருக்குக் கண் வைத்திருக்கிறாள். ஒருவரையும் உயிரோடு பார்த்ததில்லை. தெரிந்த கண்ணாக எதையாவது வரைவாள். சில சமயம் தன் கண்ணையே வரைந்துவிடுவாள். வீட்டார் வாங்கிப் பார்த்துவிட்டு, "அவுக பாக்குற பார்வையேதான்" என்று அழுவார்கள். அந்த அழுகை அவளை வருத்தியது. பொய்க் கண்ணைப் பார்த்து மெய்யாக அழுகிறார்களே.

ஒரு நாள் தோன்றியது. உயிரோடிருப்பவர்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் என்ன? யாரிடமும் சொல்லாத ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னால்?

என்ன நினைத்தாய் என்று எடுத்த பிறகு கேட்கக் கூடாது. அது அவள் தனக்குப் போட்டுக்கொண்ட விதி.

சென்னையில் ஒரு கல்லூரித் தாழ்வாரத்தில் முதலில் மாட்டியபோது பார்த்தவர்கள் சிரித்தார்கள். 'படம் எடுக்கத் தெரியாதவர் கண் மூடும்போது அமுக்கிவிட்டார்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவள் திரும்பி வந்து மறுவாரமே அடுத்த படத்தை எடுத்தாள்.

"தம்பி, தப்பு நடந்திருச்சு" என்றாள் இப்போது. "ஆனா உங்க அம்மா சம்மதிச்சுதான் உக்காந்தாக."

"சம்மதம் கேட்டது எங்க ஆத்தாட்ட. கோடி வந்தது எங்க வீட்டுக்கு. பொழுது அடையிறதுக்குள்ள அந்தப் படம், அதோட சுருளு, இந்த மாதிரி பிடிச்ச அம்புட்டும் தீயில போகணும். இல்லன்னா ஊரோட வருவோம்."

"போகும்" என்றார் இன்பராஜ்.

ராமலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

"போகும் தம்பி. நான் பொறுப்பு. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் கொளுத்திருவேன்."

முத்துராமலிங்கம் போன பிறகு அண்ணன் தங்கை முகத்தைப் பார்க்கவில்லை. முகப்புக் கண்ணாடியைத் திறந்து சந்தனம்மாளின் படத்தை எடுத்தார்.

"அதைக் கண்ணாடிக்குள்ள வச்சது நீங்கதானேண்ணே?"

"நான்தான். இல்லேங்கல. காலையில பாளையம்பட்டிக்காரர் வந்து கல்யாண ஆர்டரை வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு, தெரியுமா ஒனக்கு? 'உசுரோட இருக்கவங்களைச் சாகடிக்கிற கடையில பொண்ணு மாப்பிள்ளையை உக்கார வைக்கணுமா'ங்காரு. ஆவணி முகூர்த்தம் பூராம் போயிரும் லச்சுமி. கடையை மூடிட்டு நாம எங்க போறது?"

அவர் பயம் பொய்யில்லை. அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. கோபிக்க வசதியான அண்ணனாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"அது என் படம் இல்லண்ணே. ஒங்க படமும் இல்ல. அந்தந்த முகத்துக்காரவுக படம். எரிக்கணும்னா அவுகதான் சொல்லணும். நான் கரிசக்குளத்துக்குப் போய் அந்த அம்மாவையே கேட்டுட்டு வாரேன்."

"ஒனக்குப் புத்தி பெசகிருச்சா? செருப்பால அடிப்பானுக."

"அடிச்சா வாங்கிக்கிறேன். நான் வர்ற வரைக்கும் மத்ததைத் தொடாதீக."

இன்பராஜ் காலியான முகப்புக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். இப்படி முகம் திருப்பிக்கொள்கிற அண்ணனை அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கொளுத்த அவருக்கு ஒரு தீக்குச்சி நேரம் போதும்.

சந்தனம்மாளின் நெகட்டிவையும், சட்டத்திலிருந்து கழற்றிய படத்தையும் ஓர் உறையில் போட்டுக்கொண்டாள். பழக்கதோஷத்தில் காமிராவையும் துணிப்பையையும் தோளில் மாட்டினாள். மற்ற நெகட்டிவ்களெல்லாம் வீட்டில், பிஸ்கட் டப்பாவில் இருந்தன. வீட்டுக்குப் போய் எடுத்துவரப் போனால் திருச்சுழி பஸ் போய்விடும். நம்பித்தான் ஆகவேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் அண்ணன் மனைவி, மதினி கோகிலாம்பாள் நின்றிருந்தாள். கையில் ஒயர் கூடை.

"நீங்க எங்க மதினி?"

"நீ போற எடத்துக்குத்தான். அந்தத் தம்பி மொதல்ல வீட்டு வாசல்லதான் வந்து கத்திட்டுப் போனாரு, நீ சும்மா இருக்க மாட்டேன்னு தெரியும். தனியா போனா அடிக்கிறவன் யோசிக்க மாட்டான். ரெண்டு பேரா போனா, யாரை மொதல்ல அடிக்கிறதுன்னு கொஞ்சம் யோசிப்பான்ல?"

சிரிக்கிற நாளா அது? ஆனாலும் ராமலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பஸ் ஊரைத் தாண்டியதும் இருபுறமும் வெறுங்கரிசல். மழைக்குக் காத்து வெடித்துக் கிடந்தது. வேலிக்கருவேல் மட்டும் பச்சையாக நின்றது. மதினி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் வாய் மூடி வருவது வழக்கமில்லை.

"லச்சுமி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"போன வெள்ளிக்கிழமை கடையில சாமி படத்துக்கும் மாமா படத்துக்கும் பூ வச்சேன்ல? ஒரு முழம் மிஞ்சிருச்சு. அந்தம்மா படம் வெறுமனே இருந்துச்சா, அழகா இருக்கட்டுமேன்னு அதுக்கும் போட்டு விட்டுட்டேன்."

ராமலட்சுமி அந்தப் படத்தை மனதில் கொண்டுவந்து பார்த்தாள். மூடிய கண், சட்டத்தைச் சுற்றிப் பூ. பருத்தி லோடுக்காரர் மேல் என்ன குற்றம்? யார் பார்த்தாலும் கைகூப்பியிருப்பார்கள்.

"ஒங்க அண்ணன்ட்ட சொல்லல. சொன்னா இன்னும் கத்துவாக. ஒனக்காவது தெரியணும்."

"பூ வச்சதுல என்ன மதினி? நான் அந்தப் படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதி வச்சிருக்கலாம். எனக்கும் தோணல."

ஒருவர் பெருமையில் வைத்தார். ஒருவர் பிரியத்தில் பூச்சூட்டினார். எடுத்தவள் அடுத்த படத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து ஒருத்தியைக் கொன்றுவிட்டோம் என்று ராமலட்சுமி எண்ணினாள். திருச்சுழியில் இறங்கி, வெயிலில் நடந்து, கரிசக்குளம் ஊர்மந்தையைத் தாண்டும்வரை அந்த எண்ணம் கூடவே வந்தது.

சந்தனம்மாளின் வீட்டு வாசலில் ஊரே நின்றிருந்தது. வேப்பமர நிழலில் மாலைகள் வாடிக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் வேட்டி புழுதியாக உட்கார்ந்திருந்தவர்தான் காளிராஜ் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. திருவிழாவில் தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

"வந்துட்டாளுகய்யா" என்றது ஒரு குரல். முத்துராமலிங்கம் எழுந்தான்.

"எரிச்சாச்சா?"

"இல்ல. அம்மாவைப் பாக்கணும்."

"ஏன், பாத்த வரைக்கும் பத்தாதா?"

"ஏலே, வழிய விடுறா" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்கு வந்த சாவை நான் பேசிக்கிறேன்."

சந்தனம்மாள் வாசல்படிக்கு வந்தாள். கனத்த உடம்பு, தண்டட்டி ஆடும் காது. அவள் புருஷன் கிடை போட ஆடுகளோடு தெற்கே போயிருந்தார். அவர் காதுக்குச் செய்தி எட்டினால் என்ன ஆவாரோ என்பது ஊரின் கவலை. சந்தனம்மாளின் கவலை வேறாக இருந்தது.

"வா தாயி. வெயில்ல வந்திருக்க. இது யாரு, மதினியா? உக்காருங்க. மோர் இருக்கு, குடிக்கிறீகளா?"

"அம்மா, மன்னிச்சுக்கிடுங்க. என்னாலதான்..."

"அது கெடக்கட்டும். படம் கொண்டாந்திருக்கியா?"

ராமலட்சுமி உறையைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"மெட்ராஸுக்காரன் பாத்துட்டான். அருப்புக்கோட்டை பூராம் பாத்திருச்சு. மல்லாங்கிணத்துக்காரன் பாத்துட்டுப் போயி என்னைக் கொன்னே புட்டான். நாந்தான் இன்னும் பாக்கல. குடு."

சுரீர் என்றது ராமலட்சுமிக்கு. படம் பிடித்த அன்று, கழுவியதும் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாள். சென்னைக்கு அனுப்பினாள். கரிசக்குளத்துக்கு வரவில்லை. இறந்தவர்களின் வீட்டுக்கெல்லாம் சொன்ன நாளில் படம் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்.

சந்தனம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கண்ணாடியில பாக்கையில கண்ணு தொறந்துல்ல இருக்கும்" என்றாள் மெதுவாக. "மூடுனா நம்ம மூஞ்சி எப்படி இருக்கும்னு நாம எங்க பாக்க?"

இத்தனை நாள் தான் செய்துவந்தது என்ன என்று ராமலட்சுமிக்கு யாரோ காதுக்குள் சொன்னது போலிருந்தது. தனுஷ்கோடி நான்கு பக்கம் எழுதிய பாராட்டில் இது இல்லை.

"நல்லா இருக்கேன்ல?"

"நல்லா இருக்கீக."

"ஆனா, இது வேண்டாம் தாயி."

மரத்தடியில் முத்துராமலிங்கம் பெருமூச்சு விட்டான். ராமலட்சுமி எழும்பூர்ச் சுவரை எண்ணிப் பார்த்தாள். இந்த ஒரு படம் இல்லாமல் மற்றவற்றை மாட்டினால் நடுச்சுவர் இல்லாத வீடு மாதிரி இருக்கும்.

"நல்லா இல்லேன்னு சொல்லல. கண்ணை மூடிக்கிட்டு அன்னைக்கு நான் ஒண்ணை நெனச்சேன். அது இன்னைக்குக் காலையில முடிஞ்சுபோச்சு. முடிஞ்சதை எதுக்கு ஊரு ஒலகம் பாக்கணும்?"

அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. காளிராஜ்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊருக்குத் தெரிந்த கதை அது. அவர் மகளைச் சந்தனம்மாளின் மகனுக்குத் தருவதாகப் பேச்சு. தராமல் விருதுநகரில் கட்டிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எட்டு வருஷமாக அண்ணனும் தங்கையும் பேசவில்லை. பொங்கலுக்குச் சேலை வரவில்லை. இவள் வீட்டு நல்லது பொல்லாதது எதற்கும் அவர் வரவில்லை. 'எனக்குச் சொல்லிவிடக்கூட இல்லையே, உடம்பை எடுத்திருந்தாலும் படுத்த இடத்துலயாவது பிறந்த வீட்டுக் கோடி விழணுமே' என்று அலறிக்கொண்டு இன்று வந்திருக்கிறார்.

என்ன நினைத்தாள் என்று ராமலட்சுமி கேட்கவில்லை. விதி விதிதான்.

"அப்ப எரிச்சிருவோம்" என்று முத்துராமலிங்கம் தீப்பெட்டியை எடுத்தான்.

"எரிக்கிறதும் வைக்கிறதும் என் இஷ்டம். படம் எங்கிட்ட இருக்கட்டும் தாயி. சுருளு எங்க?"

ராமலட்சுமி நெகட்டிவையும் கொடுத்தாள். கொடுத்த கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. பிறகுதான் மீதியையும் சொல்லவேண்டும் என்று உறைத்தது.

"அம்மா, இன்னொண்ணு இருக்கு. இதே படத்தை மெட்ராஸ்ல அழைப்புக்காகிதத்துல போடப் போறாக. நாளைக்குக் காலையில அச்சாகுது."

"ஐயய்யோ" என்றாள் ஒரு பெண். "இன்னும் எத்தனை ஊர்லருந்து கோடி வருமோ!"

"அச்சாகாது. நான் நிறுத்துறேன்."

"தந்தி குடுப்பியா?"

"தந்தியை நம்ப முடியாது. நேர்ல போறேன். இன்னைக்கே போறேன்."

சொன்ன பிறகுதான் தன் குரலைக் கேட்டாள். அழைப்பிதழில் படம் வரவேண்டும் என்று காலையில் புறப்பட இருந்தவள், அது வரக்கூடாது என்று இப்போது புறப்படுகிறாள். ஆனால் புறப்படுவது மாறவில்லை. அது அவளுக்கு ஆச்சரியமாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

"சரி, கோடியை என்ன செய்ய?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். காலையிலிருந்து ஓடும் வழக்கு அதுதான் போலிருந்தது. ஊர் எல்லையில் போட்டுவிடு என்றார்கள் சிலர். தீயில் போடு என்றார்கள் சிலர். வந்த கோடி ஆளைக் கொள்ளாமல் போகாது என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

சந்தனம்மாள் ஒன்றும் சொல்லாமல் படத்தோடு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அவள் வரவில்லை.

வந்தபோது கோடியாக வந்த சிவப்புச் சேலையை உடுத்தியிருந்தாள்.

"அடியே, கோடியைப் போயி உடுத்தலாமா!"

"செத்தப்புறம் உடுத்திவிட்டா நல்லா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சந்தனம்மாள். "எட்டு வருசம் கழிச்சு எங்கண்ணன் எடுத்துட்டு வந்த சேலை. எல்லையில போடச் சொல்றீகளே, ஒங்களுக்கு யாரு எடுத்தாந்தா?"

காளிராஜ் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அழுதது போதும்ணே. காலையில அழுததே எனக்குக் காணும். இங்கிட்டு வந்து நில்லு." அவள் ராமலட்சுமியின் தோளைப் பார்த்தாள். "அந்தப் பெட்டி சும்மா தொங்கவா வந்துச்சு? எடு, புதுசா. ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிறோம். இதை மெட்ராஸுல மாட்டு. ஊரே பாக்க எடுத்த படம்னா எவனும் கோடி கொண்டு வர மாட்டான்."

"நானுமா?" என்றார் காளிராஜ். "நடுச்சாமத்துலருந்து முழிச்சிருக்கேன்த்தா. கண்ணை மூடுனா நின்னாக்குலயே தூங்கிருவேன்."

வாசல் சிரித்தது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. முத்துராமலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு, வெளிச்சத்தை மறைத்து நின்ற ஆட்களை ஒதுக்கிவிட்டான்.

சுருளில் ஒரு படத்துக்குத்தான் இடமிருந்தது. ராமலட்சுமி தலை குனிந்து காமிராவின் மேல்கண்ணாடிக்குள் பார்த்தாள். புழுதி வேட்டியும் மடிப்புக் கலையாத சிவப்புச் சேலையும்.

"யார்ட்டயும் சொல்லாததை நெனச்சுக்கங்க" என்றாள் வழக்கம்போல.

"சொல்லாதது என்ன பாக்கி இருக்கு" என்று முனகினார் காளிராஜ். ஆனாலும் கண்ணை மூடினார்.

அமுக்கினாள். அமுக்கிய கணத்தில் அவர் இமை அசைந்ததோ என்று ஒரு சந்தேகம். தங்கை உயிரோடுதான் நிற்கிறாளா என்று பார்க்கத் திறந்தாரோ? கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

மதுரை போகும் பஸ் திருச்சுழியில் நின்றிருந்தது. அருப்புக்கோட்டை வழியாகப் போகிற வண்டி. ஏறி உட்கார்ந்த பிறகுதான் ராமலட்சுமிக்குப் பயம் பிடித்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சந்தனம்மாளிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் மற்ற முகங்கள்? மாசக் கணக்கில் வெயிலில் நடந்து, வாசல் வாசலாகக் கெஞ்சி எடுத்த மூடிய கண்கள் எல்லாம் அந்தப் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. அண்ணன் வாக்குத் தவறாதவர். அவர் கொடுத்த வாக்கு வேறு.

"மதினி, அண்ணன் இந்நேரம் எரிச்சிருப்பாக."

"எதை?"

கோகிலாம்பாள் ஒயர் கூடையின் மேல் கிடந்த துண்டை விலக்கினாள். பிஸ்கட் டப்பா. அதற்கடியில் மடித்த ஒரு சேலை.

"ஒன்னோடது. மாத்துச் சேலை" என்றாள். "ஒங்க அண்ணனை நான் கட்டி பதினாறு வருசமாகுது. பயந்துட்டா என்ன செய்வாகன்னு எனக்குத் தெரியாதா?"

ராமலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த மதினியை அவள் இருட்டறை வாசலில் காப்பி வைத்துவிட்டுப் போகிறவளாகவே பார்த்திருந்தாள்.

"இதுல என் படமும் இருக்குல்ல?"

"இருக்கு. அடுப்படியில எடுத்தது. ஒங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, மெட்ராஸ்ல மாட்ட மாட்டாக."

கோகிலாம்பாள் யோசித்தாள். கண்டக்டர் முன்சீட்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

"மாட்டச் சொல்லு. பூ மட்டும் போட வேண்டாம்னு சொல்லிரு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மதினி டப்பாவைத் திறந்து, காகித உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து ராமலட்சுமியின் பைக்குள் வைத்தாள். மேலே அந்தச் சேலையை வைத்து மூடினாள். அன்று அடுப்படியில் கண்ணை மூடி என்ன நினைத்தாள் என்று கேட்க ராமலட்சுமிக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

"எங்க போகணும்?" என்றார் கண்டக்டர். "அருப்புக்கோட்டை ரெண்டா?"

"அருப்புக்கோட்டை ஒண்ணு" என்றாள் ராமலட்சுமி. "மதுரை ஒண்ணு."

மதினி அவளைப் பார்த்தாள். ஏற்கெனவே தெரிந்த பதிலைக் கேட்டது போலத் தலையை ஆட்டினாள்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இன்பராஜ் நின்றிருந்தார். சட்டையில் சாம்பல் இல்லை. வீடு முழுவதும் தேடிக் கலைத்த மனிதனின் தலை. கோகிலாம்பாள் இறங்கியதும் அவர் அவளை விட்டுவிட்டு ஜன்னலருகே வந்தார்.

"லச்சுமி, எறங்கு. வீட்ல பேசிக்கலாம்."

"வந்து பேசிக்கிறேண்ணே."

"அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"அந்தப் படம் வேண்டாம்னுச்சு. குடுத்துட்டேன். அழைப்புல அது வராம நிறுத்துறதா வாக்குக் குடுத்திருக்கேன், அதுக்குத்தான் போறேன். மத்த படத்தையும் கையோட கொண்டு போறேன்."

"நானும் வாக்குக் குடுத்திருக்கேன் லச்சுமி."

"தெரியும்ணே. ஆனா அந்த முகங்களை எரிக்கிறதா வாக்குக் குடுக்க ஒங்களுக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல."

கண்டக்டர் விசில் ஊதினார். இன்பராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். பஸ் நகர்ந்தபோதும் விடவில்லை, கூடவே சில அடி நடந்தார். நிறுத்தப் பிடித்த கையா, வழியனுப்பப் பிடித்த கையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா? கம்பியிலிருந்து கை நழுவியது.

அவள் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் மதினியிடம் ஏதோ கேட்டார். மதினி கூடையிலிருந்து காலி டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் உள்ளே பார்க்கும்படி நீட்டினாள்.